பிட்காயின் இல்லாவிட்டால் தப்பித்திருப்பீர்களா?
ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் நிரல்) உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டது, திறக்கப் பிட்காயின் கேட்கிறார்கள், கிரிப்டோவைத் தடை செய்திருந்தால் இது நடந்திருக்குமா என்று கேட்கிறீர்கள். கோபம் நியாயம்தான். ஆனால் 1989இலேயே பிளாப்பி வட்டில் இப்படி ஒரு ரான்சம்வேர் வந்து, 189 டாலரைப் பனாமாவில் ஒரு தபால் பெட்டிக்கு அனுப்பச் சொன்னது. அப்படி வசூலித்தால் தொழில் எங்கே வளரும்? 2013இல் கிரிப்டோலாக்கர் என்ற ரான்சம்வேர் பிட்காயினில் வாங்க ஆரம்பித்தபின் அந்தத் தலைவலி தீர்ந்தது. பூட்டை உடைத்த திருடன் வேறு, கிரிப்டோ என்பது அவன் மூட்டையை ஏற்றிப்போன வண்டி (அதுவும் தடம் விடும் வண்டி, கலோனியல் பைப்லைன் என்ற அமெரிக்க எரிபொருள் குழாய் நிறுவனம் 2021இல் ரான்சம்வேர்காரர்களுக்குக் கொடுத்த 75 பிட்காயினில் 63.7ஐ அமெரிக்க அரசு பிடித்துவிட்டது).

சரி, இப்போது பணம் கட்டாதீர்கள், இணைய இணைப்பைத் துண்டியுங்கள், பூட்டிய கோப்புகளை அழிக்காதீர்கள், வேறு கணினியில் நோ மோர் ரான்சம் தளத்துக்குப் போய் இலவசச் சாவி இருக்கிறதா பாருங்கள். பேக்கப் இருந்தாலும் கணினியைச் சுத்தமாக்கும்வரை செருகிவிடாதீர்கள்.