காய்ந்த ஷிடாகே காளான் வெந்தும் ரப்பர் போல இருக்கிறது, சாறிலும் சுவை இல்லை. ஏன்?

வெந்நீரில் ஊறவைத்திருப்பீர்கள். அப்படிச் செய்தால் குடையின் ஓரம் மெத்தென்று ஆகும், நடுப்பகுதி கட்டியாகவே நிற்கும்.

ஷிடாகேயின் சுவைக்கு முக்கியக் காரணம் குவானிலேட் என்னும் சுவைப்பொருள். ஊறிய காளான் சூடேறும்போது, 60 முதல் 70 டிகிரி வாக்கில், அதிலுள்ள ஒரு நொதி, காளானின் செல்களில் இருக்கும் ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறை உடைத்து இதை உண்டாக்குகிறது. வெதுவெதுப்பான நீரிலேயே நெடுநேரம் கிடந்தால் இன்னொரு நொதி அதைச் சிதைத்துவிடும். அதனால் ஊறுவது குளிரில், சூடேறுவது மெதுவாக.

20 கிராம் காளானைச் சட்டென்று அலசி, அரை லிட்டர் குளிர்ந்த நீரில் மூழ்கவிட்டு, மூடி, ஃப்ரிட்ஜில் ஓர் இரவு வையுங்கள். காம்பு சேரும் இடத்தை அழுத்திப் பாருங்கள். உள்ளே கட்டி தட்டுப்பட்டால் இன்னும் சில மணி நேரம் விடுங்கள். காம்பு எவ்வளவு வெந்தாலும் நார்தான், வெட்டிச் சாறுக்குப் போடுங்கள். ஊறிய நீரைக் கொட்டவே கூடாது! அடியில் மண் தங்கும், மேலாக வடித்தெடுங்கள். அந்த நீரிலேயே காளானைச் சிறு தீயில் கொதிநிலைக்குக் கொண்டுவந்து, 2 மேசைக்கரண்டி சர்க்கரை சேர்த்து 10 நிமிடம் வேகவிடுங்கள். பிறகு 2 மேசைக்கரண்டி சோயா சாஸ் விட்டு, நீர் சுண்டும்வரை வையுங்கள். வெறும் சாறு வேண்டுமென்றால் ஊறும்போதே ‘கொம்பு’ (kombu) என்னும் உலர்ந்த ஜப்பானியக் கடற்பாசியில் ஒரு துண்டு போடுங்கள். அதிலுள்ள குளூட்டமேட் என்னும் சுவைப்பொருளும் குவானிலேட்டும் சேர்ந்தால் சுவை பல மடங்கு ஏறும்.

வாங்கும்போது ஜப்பானியக் கடைகளில் இரண்டு வகை பார்க்கலாம். குடை முழுதும் விரியாத, தடித்த சதையுள்ளது தோங்கோ. முழுதாய்க் கடித்துச் சாப்பிட அதுதான். விரிந்து மெல்லியதாக இருப்பது கோஷின். சீக்கிரம் ஊறும், நறுக்கிப் போட ஏற்றது. காய்ந்த ஷிடாகே உற்பத்தியில் ஓயிட்டா மாவட்டம்தான் ஜப்பானில் முதலிடம். குடையின் அடிமடிப்பு வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தால் பழைய சரக்கு.

ஈரம் பட்டால் பூஞ்சையும் பூச்சியும் வரும், காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். பச்சைக் காளானைக் கழுவாமல் காகிதப் பையில் ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். பிளாஸ்டிக்கில் வியர்த்துக் கொழகொழத்துவிடும். ஷிடாகேயை அரைவேக்காடாகத் தின்னாதீர்கள். சிலருக்கு ஓரிரு நாளில் முதுகிலும் வயிற்றிலும் சாட்டையடி போலச் சிவந்த கோடுகள் எழும். நன்றாக வெந்தால் அந்தத் தொல்லை இல்லை.