குடும்பச் சுற்றுலாவில் பதின்வயதுப் பிள்ளைகள் மட்டும் ஏன் காலையில் எழுவதே இல்லை?

கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்க விடியற்காலை எழுப்பினால் பெரியவர்கள் கிளம்பிவிடுவார்கள். பதினைந்து வயதுப் பையன் போர்வையை இழுத்துக்கொள்வான். காரணம் அவனுடைய உடல் கடிகாரம், அதாவது எப்போது தூங்கவேண்டும், எப்போது விழிக்கவேண்டும் என்று உடம்புக்குள்ளேயே ஓடும் கணக்கு.

இருட்டியதும் மூளையில் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரந்து தூக்கத்துக்கு வழிவிடும். பருவ வயதில் அது சுரக்கும் நேரமே தள்ளிப்போகிறது, சிலருக்கு இரண்டு மணி நேரம் வரைகூட. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். பதினொன்றரைக்குக் கண் அயர்ந்தவனை நாலரைக்கு எழுப்பினால் கிடைத்தது ஐந்து மணி நேரம்தான். பிறகு நாள் முழுக்க முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் வருவான்!

துபாய் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. ஒரே அறையில் அப்பா இந்திய நேரத்திலும் மகன் துபாய் நேரத்திலும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நான் என்றால் உதயத்தை ஒரு நாளோடு விட்டுவிட்டு, மற்ற நாட்களில் அதே ஊரில் அஸ்தமனம் பார்க்கப் போவேன்.

போனைப் பிடுங்கிவைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். போன் வெளிச்சம் தூக்கத்தை இன்னும் தள்ளிப்போடும்தான், ஆனால் போனே இல்லாவிட்டாலும் இந்த வயதில் கடிகாரம் பிந்தித்தான் ஓடும்.