பட்டறைக் கேள்விகள்: ஸ்டாப்வாட்சும் ஒரு மரக்கட்டையும்

கேள்வி: மாதவரம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பத்து வருடம் மிஷினில் உட்கார்ந்து, போன மாதம்தான் லைன் சூப்பர்வைசர் ஆனேன். என் லைனில் 32 மிஷின். இரண்டு நாள் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். டெய்லர், மேயோ, மாஸ்லோ என்று திரையில் ஓடிக்கொண்டே இருந்தது. வெளியே வந்ததும் மேனேஜர், "அதெல்லாம் இருக்கட்டும், மணிக்கு 60 பீஸ் வரணும்" என்றார். அந்த வெள்ளைக்காரர்கள் சொன்னதற்கும் என் லைனுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கிறதா?
- வாசகி, வியாசர்பாடி

பதில்: இருக்கிறது அம்மா. மணிக்கு 60 என்ற அந்த எண் எங்கிருந்து வந்தது என்று மேனேஜரைக் கேட்டுப் பாருங்கள். காலர் வைக்க இத்தனை நொடி, கை மூட்ட இத்தனை நொடி என்று யாரோ ஒருவர் அளந்து கூட்டியிருப்பார். நான் பார்த்ததும் அந்த வேலைதான். 1979இல் டிப்ளமோ முடித்த கையோடு திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு தொழிற்சாலையில் டைம் ஸ்டடி உதவியாளராகச் சேர்ந்தேன். ஒரு கையில் அட்டை, இன்னொரு கையில் ஸ்டாப்வாட்ச். ஆள் வேலை செய்வார், நான் பின்னால் நின்று எழுதுவேன்.

என் கையில் அந்த வாட்சைக் கொடுத்தவர் என்று ஃபிரெடரிக் டெய்லரைச் சொல்லலாம். பிறந்தது 1856, நம் ராயபுரம் ரயில் நிலையம் திறந்த அதே வருடம். ஃபிலடெல்ஃபியாவில் வசதியான வீட்டுப் பிள்ளை. கல்லூரிக்குப் போகாமல் பட்டறையில் பயிற்சியாளாகச் சேர்ந்து, மிட்வேல் உருக்கு ஆலையில் மிஷின் ஓட்டி, ஃபோர்மேன் ஆனார். தொழிலாளி வேண்டுமென்றே மெதுவாகச் செய்கிறான் என்பது அவருக்குக் கூட நின்று பார்த்தே தெரியும். காரணமும் தெரியும்: வேகமாகச் செய்தால் முதலாளி பீஸ் ரேட்டை, அதாவது ஒரு பீஸுக்குக் கொடுக்கும் கூலியை, குறைத்துவிடுவார். அதுவரை அவர் சொன்னது சரி. அதற்கு மேல் அவர் கண்ட வழி இது: வேலை பற்றிய அறிவு தொழிலாளியின் கையில் இருப்பதால்தானே இந்தத் தொல்லை, அந்த அறிவையெல்லாம் திரட்டி ஆபீஸுக்குக் கொண்டுவந்து, விதியாக எழுதி, எப்படிச் செய்வது என்பதை ஆபீஸே சொல்லட்டும்.

பெத்லஹேம் உருக்கு ஆலையில் அவர் நடத்திய இரும்புப் பாளக் கதையை உங்கள் வகுப்பில் சொல்லியிருப்பார்கள். ஒரு பாளம் 92 பவுண்டு, கிட்டத்தட்ட 42 கிலோ. ஒரு ஆள் நாளுக்கு 12.5 டன் ஏற்றிக்கொண்டிருந்ததை 47.5 டன் ஆக்கினேன் என்றார். அதாவது ஒரே நாளில் 1,150 பாளத்துக்கு மேல். ஹார்பரில் மூட்டை தூக்கியவர்கள் வீட்டில் யாராவது இருந்தால் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். வேலை நாலு மடங்கை நெருங்கியது, கூலியோ 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர், அதாவது 60 சதவீதம்தான் கூடியது. டெய்லர் இந்தக் கதையை மெருகேற்றிச் சொன்னார் என்று பின்னால் ஆவணங்களைப் புரட்டியவர்கள் காட்டினார்கள். 1911இல் அவருடைய புத்தகம் வந்தது. அதே வருடம் அமெரிக்க அரசின் வாட்டர்டவுன் ஆயுதச் சாலையில் வார்ப்புத் தொழிலாளர்கள் ஸ்டாப்வாட்சைக் கண்டு வேலையைப் போட்டுவிட்டு வெளியே போனார்கள். நாடாளுமன்றக் குழு டெய்லரைக் கூப்பிட்டு விசாரித்தது. அப்புறம் அரசு ஆயுதச் சாலைகளில் ஸ்டாப்வாட்சுக்கே தடை வந்தது.

இங்கே என் கதையையும் சொல்லியாக வேண்டும். டிரில்லிங் மிஷினில் ஒரு பெரியவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் நைனா. ஒரு வார்ப்பு பிராக்கெட்டில் நாலு ஓட்டை போடும் வேலை. பகலில் நான் அளந்தபோது பீஸுக்கு 70 நொடி. ஒருநாள் நைட் ஷிஃப்டில் வாட்ச் இல்லாமல் அந்தப் பக்கம் போனேன். தேக்குக் கட்டையில் காடி வெட்டி, பிராக்கெட்டை அதில் உட்காரவைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். அடையாளம் பார்த்துத் திருப்புகிற வேலையே இல்லை. மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன், 48 நொடி. எனக்கு வயது 22, கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம். காலையில் போய் எழுதிக் கொடுத்தேன். மூன்று ஷிஃப்டுக்கும் 48 என்று நிர்வாகம் போர்டில் போட்டது. நைனாவுக்கு ஒரு பைசா கொடுக்கவில்லை. அவர் அந்தக் கட்டையைச் சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். கட்டை இல்லாமல் 48 யாருக்கும் வரவில்லை. எல்லோருக்கும் இன்சென்டிவ் போனது, நாலு மாதம் கேட் மீட்டிங் நடந்தது. காலடிப்பேட்டையில் அவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். "கேட்டிருந்தா கட்டையைக் குடுத்திருப்பேன் தம்பி. கேட்காம எடுத்து எழுதிட்டியே" என்றார். அதற்குப் பிறகு எந்தப் புத்தகத்தில் எந்தக் கோட்பாட்டைப் படித்தாலும், இதில் நைனாவை யாராவது கேட்டார்களா என்றுதான் பார்க்கிறேன்.

உங்கள் லைனுக்கு மூத்தது 1913இல் ஹென்றி ஃபோர்டு ஹைலண்ட் பார்க்கில் ஓடவிட்ட லைன். காரின் அடிச்சட்டம் பூட்ட 12.5 மணி நேரம் ஆனது 93 நிமிடமாகக் குறைந்தது. ஆனால் ஆள் நிற்கவில்லை. 100 பேர் வேலையில் இருக்க, வருடத்துக்கு 370 பேரைச் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் ஃபோர்டு 8 மணி நேரத்துக்கு 5 டாலர் என்று அறிவித்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் லைனில் மாதம் எத்தனை பேர் நின்றுபோகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மேனேஜரிடம் பேசும்போது உதவும்.

எல்டன் மேயோ ஹார்வர்ட் பேராசிரியர். அவர் பெயரோடு வகுப்பில் சேர்த்துச் சொல்வது ஹாதார்ன் சோதனைகளை. சிகாகோ பக்கத்தில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் ஆலை. 1924இல் வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்று பார்க்கத் தொடங்கினார்கள். கூட்டினாலும் கூடியது, குறைத்தாலும் பெரிதாக விழவில்லை. 1927இல் ரிலே என்ற டெலிஃபோன் பாகத்தைப் பூட்டும் பெண்கள் சிலரைத் தனி அறையில் உட்காரவைத்து, இடைவேளை, சிற்றுண்டி, வேலை நேரம் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்கள். உற்பத்தி ஏறியது. மனிதராக மதித்துக் கேட்டால் வேலை நடக்கும் என்று வகுப்பில் சொல்லும் பாடம் இதுதான். பாதி உண்மை. அந்த அறையில் கூலிக் கணக்கையும் மாற்றினார்கள். பேசிக்கொண்டே இருக்கிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று இரண்டு பெண்களை நடுவில் மாற்றினார்கள். இதை ஏனோ வகுப்பில் விட்டுவிடுகிறார்கள்.

எனக்கு முக்கியம் அதே ஆலையின் இன்னொரு அறை. 1931-32இல் 14 ஆண்கள். நாளுக்கு இவ்வளவுதான் என்று அவர்களுக்குள் ஒரு கணக்கு. யாராவது மீறினால் மேல்கையில் ஒரு குத்து விழும். அறிஞர்கள் அதை ஆச்சரியமாக எழுதிவைத்தார்கள். திருவொற்றியூரில் அது யாருக்கும் ஆச்சரியம் இல்லை. ரேட்டைக் குறைப்பார்கள் என்று தெரிந்த இடத்தில் தொழிலாளி பக்கத்து ஆளைத்தான் காப்பாற்றுவார், டார்கெட்டை அல்ல.

மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கிக் காட்டும், உளவியலாளர் மாஸ்லோவின் முக்கோணத்தைக் காட்டியிருப்பார்கள். அவருடைய 1943 கட்டுரையில் முக்கோணமே கிடையாது. அதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம்.

அதற்குப் பதில் மேரி பார்க்கர் ஃபாலெட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். 1933இல் இறந்த அமெரிக்கப் பெண்மணி. அடுத்தவர் மீது செலுத்தும் அதிகாரம் வேறு, அடுத்தவரோடு சேர்ந்து உண்டாக்கும் அதிகாரம் வேறு என்றார். நூலகத்தில் ஒருவர் ஜன்னலைத் திற என்றார், இவருக்கு மூட வேண்டும். பக்கத்து அறை ஜன்னலைத் திறந்தார்கள். அவருக்குக் காற்று வந்தது, இவர் மேல் நேராக அடிக்கவில்லை. உத்தரவு மேலிருப்பவரிடமிருந்து வரக்கூடாது, வேலையின் நிலைமையிலிருந்து வர வேண்டும், இருவரும் சேர்ந்து அந்த நிலைமையைப் பார்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. நாளைக்குக் காலர் மிஷினில் பீஸ் தேங்கினால், "ஏன் லேட்?" என்று கேட்காதீர்கள். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "எங்கேம்மா மாட்டுது?" என்று கேளுங்கள். நூலா, கட்டிங்கா, வெளிச்சமா என்று அவர் காட்டுவார். மணிக்கு 52தான் வரும் என்று தெரிந்தால் அந்த 52ஐ எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போங்கள்.

ஜப்பானில் இதற்கு முறையே இருக்கிறது. சகிச்சி டொயோடா செய்த தறி, நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும். அந்த எண்ணத்தை டொயோட்டா கார் லைனுக்குக் கொண்டுபோனார்கள். தவறு கண்டால் எந்தத் தொழிலாளியும் தலைக்கு மேலிருக்கும் கயிற்றை இழுக்கலாம், சரியாகாவிட்டால் லைனே நிற்கும். நம் பக்கம் லைனை நிறுத்தும் உரிமை இன்னும் சூப்பர்வைசருக்கே இல்லாத இடங்கள் உண்டு.

கேள்வி: நிர்வாகவியலின் தந்தை டெய்லரா, ஹென்றி ஃபயோலா? எங்கள் ஆசிரியர் ஒன்று சொல்கிறார், கைடு வேறொன்று சொல்கிறது.
- மாணவர், தண்டையார்பேட்டை

பதில்: தேர்வுக்கு: பட்டறைத் தளத்தைப் பற்றிய கேள்வி என்றால் டெய்லர், மொத்த நிறுவனத்தைப் பற்றியது என்றால் ஃபயோல். ஃபயோல் பிரான்சில் சுரங்கப் பொறியாளர், நொடிந்துகொண்டிருந்த கம்பெனியைத் தூக்கி நிறுத்தியவர். 1916இல் 14 கோட்பாடுகளை வெளியிட்டார். அதில் ஒருவருக்கு ஒரே மேலதிகாரி என்பதை மட்டும் மறக்காதீர்கள். ஷிஃப்டில் இரண்டு பேர் இரண்டு உத்தரவு போட்டு நடுவில் மாட்டிய ஹெல்பருக்கு அதன் அருமை புரியும்.

ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபரையும் சேர்த்துப் படியுங்கள். எழுதிவைத்த விதி, தகுதி பார்த்து வேலை, பதவிக்குத்தான் அதிகாரம், ஆளுக்கு அல்ல என்று அதிகாரவர்க்கத்தை விளக்கியவர். இன்று அதிகாரவர்க்கம் என்றாலே முகம் சுளிக்கிறோம். ஆனால் மேஸ்திரி காலத்தை நினைத்துப் பாருங்கள். கேட்டில் நின்று நீ வா, நீ போ என்று ஆள் எடுத்தவர், லீவு கொடுத்தவர், மாமூல் வாங்கியவர் எல்லாம் அவர்தான். இந்தியத் தொழிலாளர் நிலை பற்றி 1931இல் வந்த ராயல் கமிஷன் அறிக்கை, ஆள் எடுக்கும் அதிகாரத்தை அவரிடமிருந்து பிடுங்கி, தொழிலாளர் அதிகாரியிடம் கொடுக்கச் சொன்னது. மாமூல் கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளைக்குப் பரீட்சையும் சீனியாரிட்டி லிஸ்ட்டும் வந்தது பெரிய விடுதலை. அந்தக் கோணத்திலிருந்து எழுதினால் உங்கள் விடைத்தாள் தனியாகத் தெரியும்.

கேள்வி: என் தாத்தா பி அண்டு சி (பக்கிங்காம் அண்டு கர்நாடிக்) துணி மில்லில் ஸ்பின்னிங்கில் இருந்தவர். இந்தக் கோட்பாடுகளில் எங்கள் பெரம்பூர் எங்கேயாவது வருகிறதா?
- வாசகர், பட்டாளம்

பதில்: புத்தகங்களில் வராது. வந்திருக்க வேண்டும். டெய்லர் இறந்து மூன்றே வருடத்தில், 1918 ஏப்ரல் 27இல், உங்கள் தாத்தா மில்லைச் சுற்றித்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு கூட நின்றார்கள். அவர்கள் பேசியது சாப்பாட்டு இடைவேளை, அடி உதை, கூலி பற்றி. ஹாதார்னில் இடைவேளை விட்டுப் பார்த்து அறிஞர்கள் கண்டுபிடித்ததை, அதற்கு ஒன்பது வருடம் முன்பே பெரம்பூர்த் தொழிலாளி வாயால் கேட்டார். காது கொடுக்க ஆள் இல்லை. நிர்வாகம் உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு வாடியாவுக்கும் மற்றவர்களுக்கும் எதிராகத் தடையுத்தரவு வாங்கியது. சங்கம் வைப்பதற்கே சட்டப் பாதுகாப்பு இல்லை என்பது அப்போதுதான் நாட்டுக்கு உறைத்தது. 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

1921 வேலைநிறுத்தத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆதி திராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குத் திரும்ப, மற்றவர்கள் வெளியே நிற்க, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடும் நடந்தது. குழு மனப்பான்மை பற்றி மேயோ வழி வந்தவர்கள் எவ்வளவோ எழுதினார்கள். சாதி பிரிக்கும் ஒரு ஷிஃப்டில் குழு என்றால் யார் யார் என்று அவர்கள் யோசிக்க வேண்டி வரவில்லை. நாம் யோசித்தாக வேண்டும்.

கேள்வி: டெலிவரி வேலை செய்கிறேன். எனக்கு மேஸ்திரியும் இல்லை, மேனேஜரும் இல்லை, போன்தான். 28 நிமிடம் என்று காட்டும், தாண்டினால் ரேட்டிங் போகும். இதற்கும் உங்கள் டெய்லருக்கும் சம்பந்தம் உண்டா?
- வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: நேரடி வாரிசு தம்பி. ஸ்டாப்வாட்ச் இப்போது உங்கள் பாக்கெட்டிலேயே இருக்கிறது, எண்ணைப் போட்டவர் முகம் மட்டும் தெரியவில்லை. நைனா என் வீட்டு விலாசம் தெரிந்து சண்டை போட்டிருக்கலாம். நீங்கள் யாரிடம் போவீர்கள்? ராஜஸ்தான் 2023இல் உங்களைப் போன்றவர்களுக்கென்று சட்டம் போட்டது. தமிழ்நாட்டிலும் அதே வருடம் நல வாரியம் அமைத்தார்கள். இன்னும் பதியவில்லை என்றால் முதலில் அதில் பெயரைப் பதியுங்கள்.

அப்புறம் ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் எத்தனை மணிக்கு மூடினார்கள், எத்தனை மணிக்குத் திறந்தார்கள், ஹோட்டலில் பார்சலுக்கு எத்தனை நிமிடம் நின்றீர்கள், எந்த மாடிக்கு ஏறினீர்கள் என்று ஆர்டர் ஆர்டராக எழுதுங்கள். உங்களோடு வண்டி நிறுத்தும் நாலைந்து பேரையும் எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதம் போதும். நோட்டை எனக்கு அனுப்புங்கள், கூட்டிக் கழித்து அட்டவணை போட்டுத் தருகிறேன். 31 வருடம் அந்த வேலைதான் செய்தேன்.