குளவிக்கூட்டில் கை வைத்தால் ஏன் கூட்டமாக வந்து கொட்டுகின்றன?

இந்தக் குளவிக்கூடு என்பது, கூட்டமாக வாழும் குளவிகள் மரத்தைச் சுரண்டி எச்சிலோடு மென்று கட்டும் கடதாசி வீடு. வெள்ளவத்தையில் எங்கள் பல்கனிக் கூரைக்கடியில் இருந்ததைப் பார்த்தேன்: சாம்பல் நிறம், அறுகோண அறைகள், உள்ளே வெள்ளைப் புழுக்கள். அந்தக் குஞ்சுகளைக் காக்கத்தான் இவ்வளவு ஆவேசம். ஒன்று கொட்டியதும் நஞ்சோடு ஒரு வாசனையும் பரவி மற்றவற்றைக் கூப்பிடும். ஒழுங்கையில் ஒரு நாய் குரைத்தால் எல்லா நாயும் எழும்புமே, அதுபோலத்தான். தயவுசெய்து கல்லெறியாதீர்கள், தீ வைக்காதீர்கள். இருட்டி, எல்லாம் கூடடைந்த பிறகு பழகிய ஆளைக் கொண்டு அகற்றுங்கள். கொட்டு வாங்கியவருக்கு மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ உடனே இலங்கையின் 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.

அப்புறம், ஒருமுறை கொட்டினால் குளவி செத்துவிடும் என்பது தவறு. அது தேனீக்குத்தான், குளவி திரும்பத் திரும்பக் கொட்டும்.