ஜெஃப்ரி ரஷ் வென்ற ‘நடிப்பின் மும்முடி’ என்றால் என்ன?

ஆஸ்கர், எம்மி, டோனி மூன்றையும் நடிப்புக்காகவே வாங்குவதுதான் மும்முடி. சினிமா, டிவி, நியூயார்க்கின் பிராட்வே மேடை என மூன்று களங்கள். ஆஸ்திரேலியர்களில் இதை முதலில் எட்டியவர் ரஷ்: 1997இல் ‘ஷைன்’ படத்துக்கு ஆஸ்கர், 2005இல் எம்மி, 2009இல் டோனி.

ஏன் அரிது? மேடையில் நடிப்பு கடைசி வரிசைவரை எட்டவேண்டும். கேமரா முன்னால் அதே அளவு மிகையாகிவிடும். கல்யாணப் பந்திக்குச் சமைப்பவர் வீட்டில் நாலு பேருக்கு உப்புப் போடத் தடுமாறுவது போலத்தான். ரஷ் பாரிஸில் ழாக் லெகாக்கின் நாடகப் பள்ளியில் உடல்மொழி பயின்றவர். அவருடைய திரை நடிப்பின் பலமே அதுதான் என்பேன்.

அப்புறம், 45 வயதில் வந்த ஆஸ்கரைத் திடீர் அதிர்ஷ்டம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அவர் 1971இலேயே பிரிஸ்பேனில் குயின்ஸ்லாந்து நாடகக் குழுவில் மேடையேறிவிட்டார்.