புற்றுநோயிலிருந்து மீண்ட பிள்ளைகள் டாக்டராகலாமா?

கேள்வி: ஆறு வயதில் எனக்கு ‘ஏ.எல்.எல்.’ வகை ரத்தப் புற்றுநோய் வந்தது. ஒன்பது வயதில் சிகிச்சை முடிந்தது. இப்போது அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறேன். குழந்தைகளுக்கான கேன்சர் டாக்டராக ஆசை. ‘மெடிக்கல் ஃபிட்னஸில் தள்ளிவிடுவார்கள், ஆஸ்பத்திரியிலேயே இருந்தால் நோய் திரும்ப வரும்’ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத மாணவி, பெரம்பலூர்

பதில்: தைரியமாகப் படியுங்கள். கேன்சர் வந்து குணமானதை மட்டும் காரணம் காட்டி எம்.பி.பி.எஸ். இடத்தை மறுக்கும் விதி கிடையாது. லுகேமியா எனும் இந்த ரத்தப் புற்றுநோய் தொற்றுநோயும் அல்ல. சிகிச்சை முடிந்து இத்தனை வருடங்கள் கழித்து அது திரும்புவது மிக அரிது.

வீட்டாரின் பயத்தைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது, சிகிச்சை விட்டுச் சென்ற பின்விளைவுகளை. முதல் வேலையாக, சிகிச்சை பெற்ற மருத்துவமனையில் ‘ட்ரீட்மென்ட் சம்மரி’ கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு போதாது. எந்தெந்த மருந்து, மொத்தம் எவ்வளவு, தலைக்கு ரேடியேஷன் கொடுத்தார்களா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பழைய ஃபைல்களைத் தேடி எடுப்பது வருடம் போகப் போகக் கடினமாகும், தள்ளிப்போடாதீர்கள்.

அதில் டாக்ஸோரூபிசின், டௌனோரூபிசின் என்ற பெயர்களைத் தேடுங்கள். இவை இதயத் தசையைப் பலவீனமாக்கக்கூடியவை. டாக்ஸோரூபிசினின் மொத்த அளவு உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் ஆபத்து குறைவு. 250-ஐத் தொட்டிருந்தால் அதிகம். குறித்த இடைவெளியில் இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ பரிசோதனை வாழ்நாள் முழுக்கத் தேவை. அறிகுறி எதுவும் இல்லாமலே இதயம் பலவீனமாகலாம் என்பதால் ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று விட்டுவிடக் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரைகளால் இடுப்பு மூட்டு எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவது இன்னொரு சிக்கல். தொடை இடுக்கில் வலி தொடர்ந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். வார்டில் மணிக்கணக்கில் நிற்கப்போகிறவர் நீங்கள். தலைக்கு ரேடியேஷன் ஆகியிருந்தால் படிக்கும் வேகமும் கவனமும் குறைந்திருக்கலாம். நீட்டில் 180 நிமிடத்தில் 180 கேள்விகள், தவறான விடைக்கு ஒரு மார்க் கழிவு. அப்படிப்பட்டவர்கள் புதுப் பாடம் சேர்ப்பதைவிட, நேரம் வைத்து மாதிரித் தேர்வு எழுதும் பழக்கத்தை இப்போதே தொடங்குவது நல்லது.

அடுத்தது தடுப்பூசி. சிறுவயதில் போட்டவற்றின் எதிர்ப்புச் சக்தியைக் கீமோ அழித்துவிடுவதுண்டு. மருத்துவ மாணவருக்கு ஊசிக் குத்துக் காயம் சகஜம் என்பதால் ஹெபடைடிஸ் பி முக்கியம்: மூன்று டோஸ், 0, 1, 6-வது மாதங்களில். கடைசி டோஸுக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் ஆன்டி-ஹெச்.பி.எஸ். அளவு 10-க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். நிறையப் பேர் ஊசியோடு நிறுத்திவிடுகிறார்கள். கீமோ எடுத்தவர்களுக்கு இந்த ரத்தப் பரிசோதனைதான் உண்மையைச் சொல்லும். சின்னம்மைத் தடுப்பூசியைப் பற்றியும் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

படிப்புப் பாதை நீளமானது. எம்.பி.பி.எஸ். நாலரை வருடம், பயிற்சி மருத்துவராக ஒரு வருடம், எம்.டி. குழந்தை மருத்துவம் மூன்று, அதற்குமேல் குழந்தைகள் கேன்சருக்கான சிறப்பு மேற்படிப்பு டி.எம். மூன்று. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு, சிகிச்சையின்போது பள்ளி மாறியிருந்தால் அந்தச் சான்றுகளைச் சரிபார்த்து வையுங்கள். அம்மாவிடம் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிச் சொல்லுங்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் அவர். அந்தத் துயரமே 1954-இல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் நிலையம் உருவாகக் காரணமானது.

கேள்வி: எலும்புப் புற்றுநோயால் என் மகனுக்கு முழங்காலுக்கு மேல் கால் எடுக்கப்பட்டது. செயற்கைக் காலில் நடக்கிறான். அவனும் நீட் எழுத நினைக்கிறான். முடியுமா?
- ஒரு தந்தை, தேனி

பதில்: முடியும். 40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனம் என்று சான்று பெற்றவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. சதவீதத்தை மட்டும் பார்த்து ஒருவரைத் தகுதியற்றவர் என்று ஒதுக்கக் கூடாது, அவரால் படிப்பை முடிக்க இயலுமா என்று மதிப்பிட வேண்டும் என 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யூ.டி.ஐ.டி.யை வாங்கிவிடுங்கள். ஆனால் அது ஒன்றே போதும் என்று இருந்துவிடாதீர்கள்: கவுன்சலிங்குக்கென அறிவிக்கப்பட்ட மையத்தின் மதிப்பீடும் வேண்டும். மையங்களின் பட்டியலை அந்தந்த வருட அறிவிப்பில் பாருங்கள். மதிப்பீட்டுக்குச் செயற்கைக் காலை அணிந்து போகட்டும். படி ஏறுவது, தொடர்ந்து நிற்பது இரண்டையும் முன்பே பழகட்டும்.

அவனுக்கு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து கொடுத்திருந்தால் காது கேட்கும் பரிசோதனை அவசியம். அந்த மருந்து முதலில் கெடுப்பது 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலான உச்ச ஒலிகளை. இதய ஒலி அதைவிட மிகத் தாழ்ந்தது என்பதால் ஸ்டெதாஸ்கோப்பில் தடை தெரியாது. இரைச்சலான வார்டில் ‘ச’, ‘ஸ’ போன்ற ஒலிகள்தான் பிடிபடாமல் போகும். காதுக் கருவி அணிபவர்களுக்கு ஒலி பெருக்கும் ஸ்டெதாஸ்கோப் கிடைக்கிறது. எலும்புப் புற்றுநோய்ச் சிகிச்சையில் டாக்ஸோரூபிசின் சதுர மீட்டருக்கு 450 மில்லிகிராம் வரைகூடப் போவதுண்டு. எனவே மேலே சொன்ன எக்கோ பரிசோதனை இவனுக்கு இன்னும் முக்கியம்.

கேள்வி: சிகிச்சையில் இரண்டு வருடப் படிப்பு போய்விட்டது. வயது தடையாகுமா?
- ஒரு வாசகர், சேலம்

பதில்: ஆகாது. சேரும் வருடம் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருந்தால் போதும், நீட்டுக்கு உச்ச வயது வரம்பு இப்போது இல்லை.