டென்வரிலிருந்து வார இறுதிப் பயணம்: பாதையை மாற்றிப் பாருங்கள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள டென்வரில் வசிக்கும் நீங்கள், ஞாயிறு மாலை மலையிலிருந்து ஊர் திரும்ப நான்கைந்து மணி நேரம் ஆகிறது, பேசாமல் சியாட்டிலுக்குப் போய்விடலாமா என்று கேட்கிறீர்கள். அதற்காகக் குடிபெயர வேண்டாம். வார இறுதிப் பயணத்துக்கு டென்வரைப் போல் வாய்த்த ஊர்கள் குறைவு.

நீங்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் ஐ-70 நெடுஞ்சாலையில்தான் இருக்கும். பனிச்சறுக்குக்குப் போன கூட்டத்தில் பெரும்பகுதி அந்தச் சாலையிலுள்ள ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை வழியாகவே இறங்குகிறது; அங்கே ஒரு திசைக்கு இரண்டே தடங்கள்.

அடுத்த சனிக்கிழமை போல்டர் நகரம் வழியாக எஸ்டஸ் பார்க் என்ற மலையூருக்குப் போய்ப் பாருங்கள். சுமார் 105 கிலோமீட்டர்தான். இலையுதிர்காலத்தில் எல்க் மான்கள் ஊருக்குள்ளேயே வந்து, வீட்டுப் புல்வெளிகளில் தலை நிமிராமல் மேயும். அதைப் பார்க்கவே போகலாம்.

ஒரு எச்சரிக்கை: அங்கிருந்து மேலே போகும் டிரெயில் ரிட்ஜ் சாலை 12,183 அடி வரை ஏறுகிறது. வழக்கமாக அக்டோபர் நடுவிலிருந்து மே இறுதிவரை மூடியிருக்கும், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.